அடுப்பு வாசலுக்கு வந்த நாள்

பண்டிகை என்று ஒன்று பிறப்பதற்கு முந்தைய காலம் அது. அறுவடை நடக்கும். நெல் வீட்டுக்கு வரும். சோறு ஆக்கிச் சாப்பிடுவார்கள், ஏப்பம் விடுவார்கள், கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போவார்கள். யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றினால், எழுந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார்கள். எழுந்தால் மறந்துபோயிருக்கும். நன்றியும் பாவம், வாசல் வரைக்கும் வந்து, ஆள் தூங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

அந்தக் காலத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் குஞ்சம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் பெயர் வைத்திலிங்கம். நல்ல மனுஷன்தான், பசி மட்டும் தாங்க மாட்டான். அவர்கள் வீட்டுச் சமையற்கட்டில் ஒரு மண் அடுப்பு இருந்தது. வயிறு பெருத்த அடுப்பு. பானை உட்கார மூன்று குமிழ்கள். வயிற்றைவிடப் பெரியது அதன் வாய்.

"இந்த வீட்டுல எல்லாரும் என்னைத் தேடித்தான் வர்றாங்க. நான் யாரையாவது தேடிப் போயிருக்கேனா?" என்று அடுப்பு அடிக்கடி கேட்கும்.

"இல்லண்ணே" என்று பானை சொல்லும். அது புதுப்பானை. இருப்பது அடுப்பின் தலைமேல் என்றாலும் மரியாதையாகத்தான் பேசும்.

வாசற்கதவு இதற்கு நேர் எதிர். வாயே திறக்காது. யாராவது வந்தால் ஒரு கிறீச், போனால் ஒரு கிறீச். யார் உள்ளே வந்தார்கள், யார் எதுவரை வந்து நின்றார்கள் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. அதை யாரும் அதனிடம் கேட்பதில்லை. அதுவும் சொல்வதில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. குஞ்சம்மாளின் வயலில் நெற்பயிர் கழுத்தளவு தண்ணீரில் நின்றது. இன்னும் ஒரு சாண் ஏறினால் மூழ்கிவிடும். வீட்டுக் குதிரிலோ பழைய நெல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. இந்தப் பயிரும் போனால் அந்த வருஷத்துக்குச் சோறு என்பது பேச்சில் மட்டும்தான்.

தண்ணீரை வடிய விடாமல் வடிகாலில் ஒரு பனைமரம் விழுந்து அடைத்துக்கொண்டிருந்தது. வயலுக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து செல்லாயியும் அவள் புருஷன் காத்தானும் சொந்தபந்தங்களும் ஓடி வந்தார்கள். குஞ்சம்மாளின் வயலில் நடுவதும் அறுப்பதும் அவர்கள்தான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மண்ணை வெட்டினார்கள். வீட்டு எருது மயிலை, கயிற்றைக் கட்டியதும் மூச்சைப் பிடித்து இழுத்துப் பனைமரத்தைக் கரையேற்றியது. தண்ணீர் வடிந்தது. வடிந்த வேகத்தில் மேகமும் விலகி, இத்தனை நாள் எங்கேயோ ஒளிந்திருந்த சூரியன் எட்டிப்பார்த்தார்.

வரப்பில் நின்றுகொண்டிருந்த குஞ்சம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. சேற்றுக் கையோடு கும்பிட்டாள்.

"இந்த நெல்லு மட்டும் வீடு வந்து சேரட்டும். இன்னைக்குக் கைகொடுத்தவங்க எல்லாரையும் என் அடுப்புக்கு முன்னால உக்கார வெச்சு, மொதச் சோத்தை அவங்களுக்குப் போட்டுட்டுத்தான் நாங்க கை நனைப்போம்."

தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்த நெற்பயிர் இதைக் கேட்டது.

"சொன்ன சொல்லு மாற மாட்டியே?" என்றது.

"மாற மாட்டேன்."

"அப்ப சரி. நான் பொழைச்சு வர்றேன்" என்றது நெற்பயிர். சொன்னபடி பிழைத்தும் வந்தது. மார்கழிக் கடைசியில் களத்துமேட்டில் நெல் குவிந்தபோது வைத்திலிங்கம் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவனைப் பார்த்துக் காத்தான் சிரித்தான்.

புது நெல்லைக் குத்திப் புடைத்து முறத்தில் வைத்தாயிற்று. விருந்துக்கு நாள் பார்க்க வேண்டும். குஞ்சம்மாள் விடிகாலையில் வாசலுக்கு வந்து சூரியனிடமே கேட்டாள்.

"நீங்க என்னைக்கு வருவீங்க சாமி?"

"நான் எங்கம்மா நிக்கிறேன்? ஓட்டம்தான்" என்றார் சூரியன். "ஆனா நாளைக்கு நான் வடக்கே திரும்புற நாள். திரும்புற எடத்துல கொஞ்சம் நின்னு மூச்சு வாங்கலாம். நாளைக்கு வர்றேன். நாளைக்கு விட்டா அப்புறம் அடுத்த வருஷம்தான்."

அப்படியாக நாள் குறித்தாயிற்று. குஞ்சம்மாள் வீட்டை மெழுகினாள். வாசற்கதவுக்கு மாவிலைத் தோரணம் கட்டினாள். மறுநாள் விடியுமுன்னே பானையைக் கழுவிப் பாலை ஊற்றி அடுப்பில் ஏற்றிவைத்தாள்.

அடுப்புக்கு ஒரே குஷி. "பாத்தியா? சூரியனே என்னைத் தேடி வர்றாராம். ஆமா, யாரு அந்த சூரியன்?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? பச்சை மண்ணா இருந்தப்ப அவரு வெயில்லதான் நான் காஞ்சேன். பெரிய நெருப்பு."

"என்னைவிடப் பெரிய நெருப்பா?"

பானை பாலைப் பார்த்துக்கொண்டது. அடுப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு அடுப்போடு விவாதம் செய்யக் கூடாது என்ற அளவுக்கு அதற்கு விவரம் இருந்தது.

விடிந்ததும் முதல் விருந்தாளியாகச் சூரியன்தான் வந்தார். வாசலில் நின்று குனிந்து பார்த்தார். கதவு சூடேறிக் கிறீச்சிட்டது. கொஞ்சம் சாய்ந்து பார்த்தார். கூரை ஓடுகள் படபடத்தன. நுழைய முடியவில்லை. ஓட்டு இடுக்கு வழியாகக் கையை மட்டும் நீட்டினார். சமையற்கட்டுத் தரையில் ஒரு அப்பளம் அளவுக்கு வெளிச்சம் விழுந்தது.

அடுப்பு அதை மேலும் கீழும் பார்த்தது. "இவ்வளவுதானா? இந்த அப்பளத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?"

"அதான் வந்துட்டாருல்ல?" என்றான் வைத்திலிங்கம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் அவன் குரலில் ஒரு அவசரம் இருந்தது. "அரிசியைப் போடு குஞ்சம்மா."

குஞ்சம்மாள் முறத்தைக் கையில் எடுத்தாள். முறத்திலிருந்த புது அரிசி ஒரு மணிகூட நகரவில்லை.

"கை வந்திருக்கு, ஆளு வரல" என்றது அரிசி. "அடுப்புக்கு முன்னால உக்கார வெப்பேன்னு சொன்னே. அந்த வார்த்தையை நம்பித்தான் நான் பொழைச்சு வந்தேன். எல்லாரும் உக்காரட்டும். அதுவரைக்கும் என்னை உலையில போட்டாலும் நான் வேக மாட்டேன்."

அடுத்து மயிலை வந்தது. கொம்புக்கு வண்ணம் பூசி, கழுத்தில் மணி கட்டி, மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தது. முன்னங்கால்களை வாசற்படியில் வைத்தது. கொம்பு இரண்டும் நிலையில் மாட்டிக்கொண்டன. இப்படித் திரும்பியது, அப்படித் திரும்பியது. வெட்கத்தை மறைக்க, மேலே தொங்கிய மாவிலைத் தோரணத்தை மென்று தின்றது.

"தலை உள்ள வந்தாச்சு. போதும்ல?" என்று வைத்திலிங்கம் அரிசியைக் கேட்டான்.

"பாதி மாட்டுக்கு விருந்து வெக்கிறதா பேச்சில்லையே" என்றது அரிசி.

வைத்திலிங்கம் மயிலையின் கொம்பைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டுத் திண்டாடிப்போய் உட்கார்ந்தான். "ஏ குஞ்சம்மா, நான் ஒண்ணு சொல்றேன், கேளு. சோத்தைப் பொங்கி, ஆளுக்கு ஒரு கிண்ணத்துல போட்டு வெளியில கொண்டுபோய்க் குடுத்துடலாம். யாரு என்ன சொல்லப் போறா?"

"அது விருந்தாங்க? வீட்டுல மிஞ்சினதைக் கொண்டுபோய் வெக்கிற மாதிரியில்ல இருக்கு?" என்றாள் குஞ்சம்மாள். அவளுக்கும் பசிதான். பிள்ளைகள் வேறு பால் வாசனைக்குச் சமையற்கட்டையே சுற்றிக்கொண்டிருந்தன.

சூரியன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தார். அவர் மேற்கே இறங்குவதற்குள் எல்லாரும் அடுப்புக்கு முன்னால் உட்கார வேண்டும். இல்லையென்றால் சொன்ன சொல் போயிற்று. சொல் போனால் அரிசி வேகாது. ஒரு வருஷத்து நெல்லும் வேகாத நெல்லாகவே கிடக்கும்.

"கவலைப்படாதே குஞ்சம்மா" என்றது அடுப்பு. "பெரிய ஆளுங்களுக்குத்தான் நம்ம வீட்டுக் கதவு பத்தாது. மனுஷங்க வந்தா என்ன கஷ்டம்? நேரா வந்து எனக்கு முன்னால உக்காருவாங்க பாரு."

அப்போது செல்லாயி வந்தாள். காத்தான் வந்தான். வெள்ளத்தில் மண் வெட்டிய அத்தனை பேரும் வந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, துவைத்த துணி உடுத்தி வந்திருந்தார்கள். விருந்துக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று காத்தான் தோளில் ஒரு கட்டுக் கரும்பு. செல்லாயியின் கையில் கிழங்கோடு பிடுங்கிய மஞ்சள் கொத்து.

வந்தவர்கள் வாசல் ஓரத்தில், வேலிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்கள்.

"வா செல்லாயி. உள்ள வாங்க எல்லாரும்" என்றாள் குஞ்சம்மாள்.

"இருக்கட்டும்மா" என்று சிரித்தாள் செல்லாயி. "நாங்க இங்கயே உக்காந்துக்குறோம். நீங்க பொங்கி எடுத்துட்டு வாங்க."

குஞ்சம்மாள் இன்னொரு முறை கூப்பிட்டாள். முதல் தடவையைவிடக் கொஞ்சம் மெதுவாகக் கூப்பிட்டாள். குரல் ஏன் இறங்கிப்போயிற்று என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்ததும் முகம் சுண்டிப்போயிற்று. வைத்திலிங்கம் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சமையற்கட்டுக்குள் அடுப்பு திடீரென்று பேச்சை நிறுத்தியது. அது பேச்சை நிறுத்திப் பானை பார்த்ததே இல்லை.

"என்னண்ணே ஆச்சு?"

"அந்தக் குரலு..." என்றது அடுப்பு. "அது எனக்குத் தெரிஞ்ச குரலு."

"யாரு குரலு?"

"நான் அடுப்பாகறதுக்கு முந்தி ஏரிக்கரையில களிமண்ணாக் கெடந்தேன். ஒரு பொம்பளை வந்தா. என்னை வெட்டி எடுத்தா. கல்லு கட்டி எல்லாத்தையும் பொறுக்கிப் போட்டா. பதரைக் கலந்து, பாடிக்கிட்டே மிதிச்சா. அவ மிதிச்சப்ப எனக்கு வலிக்கவே இல்ல. அப்புறம் கூடையில தூக்கிக்கிட்டு வந்தா. ஒரு எடத்துல எறக்கி வெச்சா. அதோட அந்தக் குரலு நின்னு போச்சு. வேற கை என்னை எடுத்து உள்ள கொண்டாந்து அடுப்பாப் போட்டுச்சு. அவ செத்துப்போயிட்டான்னு இத்தனை நாளா நெனைச்சுக்கிட்டு இருந்தேன்."

பானையில் பால் லேசாக நடுங்கியது.

"ஏ கதவு!" என்று அடுப்பு கத்தியது. "அன்னைக்கு அவ என்னை எங்க எறக்கி வெச்சா?"

"எங்கிட்டதான்" என்றது கதவு. "வாசற்படிக்கு அந்தப் பக்கம்."

"இன்னைக்கு ஏன் உள்ள வரல?"

கதவு கிறீச்சிட்டது.

"சூரியன் வரல. ஏன்?"

"அவரு பெரியவரு. என் உயரம் பத்தாது."

"மயிலை வரல."

"அதுக்குக் கொம்பு இருக்கு."

"செல்லாயிக்கு?"

கதவின் தாழ்ப்பாள் மட்டும் ஒரு தரம் ஆடியது.

"அவ ரொம்ப உயரமா?"

"இல்ல."

"கொம்பு இருக்கா?"

"இல்ல."

"நீ சாத்தியிருக்கியா?"

"அகலத் தொறந்துதான் இருக்கேன்" என்றது கதவு. அதன் வாழ்நாளில் அது இவ்வளவு பேசியது இல்லை. "அவளை நான் ஒரு நாளும் தடுத்தது இல்ல. இன்னைக்கு யாரும் அவளை நில்லுன்னு சொல்லவும் இல்ல. ஆனா அவ கால் தானா நின்னு போவுது. அவ அம்மா காலும் இதே எடத்துலதான் நின்னுச்சு. எத்தனை காலமா அப்படி நின்னா, கால் இப்படிப் பழகும்னு நீயே யோசிச்சுப் பாரு."

அடுப்பு யோசித்தது. அதற்குள்ளிருந்த தணல் ஒரு தரம் மங்கி, ஒரு தரம் சிவந்தது. வயிறு பெருத்தவர்களுக்குக் கோபம் வந்தால் சிரிப்பாக இருக்கும். அடுப்புக்கு வந்தது கோபமா அழுகையா என்று பானைக்குப் புரியவில்லை. ஆனால் சிரிக்கத் தோன்றவில்லை.

"குஞ்சம்மா" என்றது அடுப்பு கடைசியில்.

"என்ன?"

"பானையை எறக்கு. கடப்பாரையை எடு. என்னைப் பேத்து வெளியில கொண்டுபோ."

குஞ்சம்மாள் திகைத்துப்போனாள். வைத்திலிங்கம் எழுந்தே நின்றுவிட்டான்.

"நல்ல நாளும் அதுவுமா அடுப்பை இடிக்கிறதா? ஊரு சிரிக்கும்!"

"சிரிக்கட்டுமே. நல்ல நாள்ல சிரிக்காம ஊரு வேற என்னைக்குச் சிரிக்கும்?" என்றது அடுப்பு. "வர முடியாதவங்களை வாங்க வாங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே உள்ள உக்காந்திருக்கிறது எனக்கு வெக்கமா இருக்கு. எல்லாரும் என்னைத் தேடி வந்தது போதும். இன்னைக்கு ஒரு நாள் நான் போறேன்."

பானை மெல்லக் கேட்டது. "வலிக்காதாண்ணே?"

"சூளையில வெந்தவ நீ. நீ சொல்லு, வலிக்குமா?"

"வலிக்கும்தான்" என்றது பானை. "ஆனா அப்புறம் பால் ஊத்துனாங்க."

குஞ்சம்மாள் தணலை ஒரு ஓட்டில் அள்ளி வைத்தாள். கடப்பாரையை எடுத்தாள். எத்தனை வருஷம் விடியலில் முதலில் முகம் பார்த்த அடுப்பு! ஒரு குத்துக் குத்தினாள். அடுப்பு "ம்" என்றது. இன்னொரு குத்து. மூன்று குமிழ்களும் தனித்தனியாகப் பெயர்ந்தன. ஒன்றை அவள் தூக்கினாள். ஒன்றை வைத்திலிங்கம் முணுமுணுத்துக்கொண்டே தூக்கினான். மூன்றாவதைப் பிள்ளைகள் சேர்ந்து உருட்டிக்கொண்டு வந்தார்கள். அது வாசற்படியைத் தாண்டும்போது உடைந்து தூளாகிப்போனது.

வாசலில் இரண்டு குமிழ்கள் அசட்டுத்தனமாக எதிரெதிரே நின்றன. இரண்டு கால் வைத்துக்கொண்டு பானை எப்படி உட்காரும்? சூரியன் உச்சி தாண்டிவிட்டார்.

"நான்தான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தான் வைத்திலிங்கம். குஞ்சம்மாள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டான்.

வேலியோரத்தில் உட்கார்ந்திருந்த செல்லாயி அந்தத் தூளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. வாசல் நடுவுக்கு வந்து உட்கார்ந்து, தூளைக் கூட்டி அள்ளினாள்.

"தண்ணி குடுங்கம்மா" என்றாள்.

குஞ்சம்மாள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவளே குனிந்து ஊற்றினாள். செல்லாயி பிசையத் தொடங்கினாள். பிசையும்போது அவளை அறியாமல் வாயில் ஒரு பாட்டு வந்தது.

"என்னைத் தெரியுதா?" என்றது அடுப்பு.

"தெரியாமயா? நாலு கூடை களிமண்ணு. ஒரு பொடிக்கல்லு இல்லாம பொறுக்கினேன்ல" என்றாள் செல்லாயி. "நல்லபடியா அடுப்பா ஆனியா, ஒழுங்கா எரியிறியான்னு ஒரு தடவை பாக்கணும்னு எனக்கும் இருந்துச்சு."

"வந்து பாத்திருக்கலாமே?"

செல்லாயி மண்ணை உருட்டி, தட்டி, மூன்றாவது குமிழாக நிறுத்தினாள். "அதான் இப்ப பாத்துட்டேன்ல" என்றாள். குஞ்சம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் அப்படி ஒன்றும் அதிகமில்லை.

பானை ஏறி உட்கார்ந்தது. அதன் கழுத்தில் செல்லாயி கொண்டுவந்த மஞ்சள் கொத்தைக் கட்டினார்கள். காத்தான் கொண்டுவந்த கரும்பை நட்டுவைத்தார்கள். தணலைக் கொட்டி ஊதியதும் அடுப்பு பற்றிக்கொண்டது. புகை மேலே போயிற்று. அடுப்பு முதல்முறையாக அண்ணாந்து பார்த்தது.

மேலே கூரை இல்லை. வானம் முழுக்கச் சூரியன்.

"ஐயா..." என்றது அடுப்பு. "காலையில உங்களை அப்பளம்னு சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

சூரியன் சிரித்தார். "தினம் இந்த வீட்டு ஓட்டு இடுக்குலேருந்து ஒரு புகை வரும். யாரு உள்ள நமக்குச் சொந்தக்காரன் இருக்கான்னு நானும் ரொம்ப நாளா யோசிப்பேன். நீதானா அது?"

சொந்தக்காரன் என்று சொன்னதும் அடுப்பு பூரித்துப்போய் இரண்டு மடங்கு எரிந்தது.

எல்லாரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வீட்டுக்குள் பந்தி என்றால் வரிசை. வரிசை என்றால் முதல் இடம், கடைசி இடம். வட்டத்தில் அந்த வசதி இல்லை. வைத்திலிங்கம் எங்கே உட்காருவது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். காத்தானுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. உட்கார்ந்தான். மயிலை பின்னால் வந்து நின்று இரண்டு பேருக்கும் நடுவில் மூக்கை நுழைத்தது.

முறத்திலிருந்த அரிசி ஒரு முறை எல்லாரையும் பார்த்தது. "இப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தானாகவே பாலுக்குள் குதித்தது.

பால் சூடேறி மேலே வந்தது. அப்போதுதான் ஒரு சிக்கல் வந்தது. முதல் சோறு யாருக்கு?

"மயிலைக்குப் போடு. மரத்தை இழுத்தது அதுதான்" என்றார் சூரியன்.

"எனக்குக் கயித்தைக் கட்டினது செல்லாயி" என்றது மயிலை.

"புள்ளைங்க காலையிலேருந்து பசியோட நிக்கிது. அதுங்களுக்குப் போடுங்கம்மா" என்றாள் செல்லாயி.

"உங்களுக்கெல்லாம் போடாம எங்களுக்கா?" என்றாள் குஞ்சம்மாள்.

இப்படி ஆளுக்கு ஆள் உனக்கு, உனக்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வைத்திலிங்கம் மட்டும், "யாராவது ஒருத்தரு மொதல்ல சாப்பிட ஆரம்பிங்களேன்" என்று மன்றாடினான்.

பானையின் பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு. நுரை விளிம்புக்கு வந்துவிட்டது. வழக்கமாக இந்த நேரத்தில் குஞ்சம்மாள், "ஐயோ, பொங்குது!" என்று பதறி ஓடிவருவாள். நெருப்பை இழுப்பாள், கரண்டியால் கிண்டுவாள். ஒரு சொட்டு வழிந்தாலும் அடுப்பு உஸ்ஸென்று கோபித்துக்கொள்ளும். அன்றும் பழக்கத்தில் அவள் கை கரண்டிக்குப் போயிற்று.

"விடும்மா" என்றார் சூரியன்.

"வழியட்டும்" என்றது அடுப்பு. "இன்னைக்கு நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"எந்தப் பக்கம் வழியிறது? எல்லாப் பக்கமும் விருந்தாளிங்க இருக்காங்களே!" என்று பானை தவித்தது. அடுத்த நொடி, எந்தப் பக்கம் என்று பார்க்காமல் எல்லாப் பக்கமும் பொங்கி வழிந்தது.

வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். பிள்ளைகள் குதித்தன. மயிலை மணியை ஆட்டியது. "பொங்கலோ பொங்கல்!" என்று முதலில் கத்தியது யார் என்று பிற்பாடு பெரிய வாக்குவாதம் நடந்தது. வைத்திலிங்கம் தான்தான் என்று சாகும்வரை சாதித்தான். பசியில் கத்தியிருந்தாலும் இருப்பான்.

அன்று எல்லாரும் ஒன்றாகக் கை நனைத்தார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு சூரியன் மனமில்லாமல் எழுந்து மேற்கே போனார். திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே போனதால் அன்றைக்கு அந்தி நேரம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

மறுநாள் சமையற்கட்டில் புது அடுப்புப் போட வேண்டியிருந்தது. செல்லாயி ஏரிக்கரையிலிருந்து களிமண் கொண்டுவந்தாள். வாசற்படி வந்ததும் கால் தானாக நின்றது. கூடையை இறக்கக் குனிந்தாள்.

குஞ்சம்மாள் உள்ளேயிருந்து வந்து படியில் நின்றாள். கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இந்தத் தடவை அவள் குரல் இறங்கவில்லை.

"தனியாத் தூக்க முடியாது செல்லாயி. நீ அந்தப் பக்கம் பிடி. ரெண்டு பேருமா உள்ள கொண்டுபோவோம்."

செல்லாயி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பிடித்தாள். வாசற்படியில் ஈரக் களிமண் காலடி ஒன்று பதிந்தது. கதவு மூச்சுவிடாமல் நின்றது. கிறீச்சிட்டால் அவள் திரும்பிப் போய்விடுவாளோ என்று அதற்குப் பயம்.

அடுத்த தையில் பக்கத்து வீட்டு அடுப்பு, "அவன் மட்டும் வெளியில போவான், நான் போகக் கூடாதா?" என்று அடம்பிடித்தது. அதற்கடுத்த தையில் தெரு முழுக்கப் புகை. பிறகு ஊர், பிறகு நாடு. எல்லாரும் கூடிப் பொங்கிய பிறகு, வழக்கம்போல் கடைசியாக அரண்மனைக்குச் செய்தி தெரிந்தது. அரசர் விசாரித்தார். மந்திரிகள் கூடினார்கள். முரசு அறைந்தார்கள்.

"சூரியன் மிகப் பெரியவர், வீட்டுக்குள் வர இயலாதவர். ஆதலால் அவருக்கு நன்றி சொல்ல, தை முதல் நாள் எல்லாரும் வாசலில் அடுப்பு வைத்துப் பொங்க வேண்டும். எருதுக்குக் கொம்பு உண்டு. ஆதலால் அதற்கு நன்றி சொல்ல, மறுநாள் தொழுவத்தில் பொங்க வேண்டும்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. முரசு அறைந்தவன் நல்ல குரல்காரன். நாடே கைதட்டியது. இன்றுவரை கதையை அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

அடுப்பு எதற்காக வெளியே வந்தது என்று கதவை மட்டும் யாரும் இதுவரை கேட்கவில்லை.